புல்லட் கிராங்க்: புஷ்ஷே போதுமா, ரோலருக்கு மாறலாமா?

பேரலைக் கழற்றிவிட்டு, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்க்கும்போது 'டக்' என்று ஒரு சின்ன சத்தம் வரும். பழைய வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர்கள் பயப்படும் சத்தம் அது. அதுவரை பிஸ்டன், போர், வால்வு என்று போட்டு வைத்திருந்த பட்ஜெட் அந்த நொடியில் கிராங்க் வரை இறங்கிவிடும். அப்புறம் குழப்பம். ஒரு மெக்கானிக், "கம்பெனி தெரியாமலா புஷ் போட்டான்? அதையே போடுங்க" என்பார். அடுத்த தெருவில் இன்னொருவர், "இன்னுமா புஷ்? ரோலர் ராடு செட் போட்டுட்டு மறந்துடுங்க" என்பார். இரண்டு பேரும் இருபது வருடமாக இதே வேலை பார்ப்பவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

இப்படி மாட்டிக்கொண்டு கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பேசப்போவது திருவொற்றியூரில் செய்யப்பட்ட வார்ப்பிரும்பு எஞ்சின் 350-ஐப் பற்றி. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. 500-க்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

## எந்தப் புஷ்?

"கிராங்க் புஷ் போச்சு" என்று பொதுவாகச் சொன்னாலும், கிராங்க்கின் இரண்டு முனைகளும் புஷ்ஷில் சுற்றுவதில்லை. அங்கே இருப்பவை பால், ரோலர் பேரிங்குகள். அவை போனால் புதியது வாங்கிப் போடுவதுதான் வழி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. குழப்பமெல்லாம் ராடின் பெரிய முனையில் இருக்கும் மிதக்கும் புஷ்ஷைப் பற்றியதுதான்.

கிராங்க்கின் கனமான இரண்டு சக்கரங்களை, அதாவது பிளைவீல்களை, இணைக்கும் உருளைக்குப் பெயர் பின். ராடின் பெரிய முனையில் அது நுழையும் துளைக்குப் பெயர் கண். மிதக்கும் புஷ் என்றால் பின்னிலும் ஒட்டாமல், ராடின் கண்ணிலும் ஒட்டாமல் நடுவில் தளர்வாகச் சுற்றும் ஒரு வளையம். சுற்றிலும் துளைகள் இருக்கும். பின்னுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே வெளிப்பக்கமும் போய், உள்ளே ஒரு படலம், வெளியே ஒரு படலம் என்று இரண்டு படலங்களை உண்டாக்கும். பின் ஒரு வேகத்தில் சுற்றினால் புஷ் அதைவிட மெதுவாகக் கூடவே சுற்றும். உராய்வு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். எளிமையான ஏற்பாடு. சத்தமும் இல்லை, அடி தாங்கும். ஒரே நிபந்தனை, எண்ணெய் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

பேரிங்கின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கீழே இருப்பவற்றைப் பாருங்கள்.

எண்ணெய் வழி. முதலாவது மட்டுமல்ல, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான். இந்த எஞ்சினில் எண்ணெய் பம்பிலிருந்து டைமிங் கவர் வழியாக வந்து கிராங்க் முனைக்குள் நுழைகிறது. நுழையும் இடத்தில், பம்பைச் சுற்றவைக்கும் வார்ம் நட்டின் மூக்கைச் சுற்றி ஒரு சின்ன கார்க் சீல் உட்கார்ந்திருக்கும். அது காய்ந்து சுருங்கினால், பம்பு நன்றாக வேலை செய்தாலும் எண்ணெய் கிராங்க்குக்குள் போகாமல் டைமிங் பெட்டியில் கொட்டும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. பெரிய முனை மட்டும் பட்டினி கிடக்கும்.

மிச்சமிருக்கும் உலோகம். ராடின் கண் வட்டமாக இருக்கிறதா, ஓவலா? பிளைவீலில் பின் உட்காரும் துளை இறுக்கமாக இருக்கிறதா? ஏற்கெனவே இரண்டு முறை பிரித்த கிராங்க் என்றால் இதை அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

செட் செய்யும் கை. பிளைவீல் இரண்டையும் பிரித்துச் சேர்த்தபின் கிராங்க்கை நேராக்க வேண்டும். இந்தத் திறமை அருகிப்போய்விட்டது. உங்கள் ஊரில் யார் அதைச் செய்கிறார் என்பது, எந்தப் பேரிங் போடுகிறீர்கள் என்பதைவிட முக்கியம்.

ஓட்டும் விதம். தினமும் நாலு கிலோமீட்டர் கடைக்கும் வீட்டுக்குமா, மாதம் ஒருமுறை ஏற்காடா, இல்லை ஷெட்டில் போர்வை போட்டு நிற்கும் வண்டியா?

அசல் தன்மை. இது சிலருக்கு உயிர், சிலருக்கு ஒன்றுமே இல்லை. எஞ்சின் எண் கிராங்க் கேஸில்தான் இருக்கிறது. உள்ளே கிராங்க்கில் எதை மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்துக்குப் பிரச்சினை வராது.

பாகத்தின் விலையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கவனித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. எஞ்சினை இறக்குவது, கிளட்ச், பிரைமரி செயினைக் கழற்றுவது, இடது மரை வார்ம் நட்டைத் திறப்பது, கேஸைப் பிரிப்பது, பிரஸ்ஸில் வைப்பது, நேராக்குவது, திரும்ப ஏற்றுவது என்று இந்தக் கூலியெல்லாம் நீங்கள் எதைப் போட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியது. அந்த மொத்தத்துக்கு முன்னால் புஷ்ஷுக்கும் ரோலருக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

## வழி 1: புஷ்ஷை மட்டும் மாற்றுவது

இதை ஒரு வழியாகவே சேர்த்திருக்க மாட்டேன். நிறையப் பேர் செய்கிறார்கள் என்பதால் சேர்க்கிறேன்.

பழைய பின் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும். விரல் நகத்தால் தடவினால் கோடுகூடத் தட்டுப்படாது. ஆனால் மைக்ரோமீட்டரை ஒரு திசையில் வைத்து அளந்துவிட்டு, தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடி அளந்தால் கதை வேறு. எரிப்பின் அடியும் பிஸ்டனின் இழுப்பும் பின்னைச் சுற்றிலும் ஒரே மாதிரி விழுவதில்லை, அதனால் தேய்மானமும் ஓவலாகத்தான் விழும். ஓவல் பின்னில் புதிய வட்டப் புஷ்ஷைப் போட்டால் ஒரு பக்கம் இறுக்கம், இன்னொரு பக்கம் தளர்ச்சி. எண்ணெய்ப் படலம் தளர்ச்சியான பக்கமாக ஓடிவிடும்.

"பின்னைக் கிரைண்ட் செய்து சின்னப் புஷ் கடைந்து போடலாம்" என்று லேத்தில் சொல்வார்கள். பின்னின் கடினத்தன்மை மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோல் மாதிரி இருப்பது. அந்தத் தோலைத்தான் கிரைண்டிங் சுரண்டுகிறது. கிராங்க்கைப் பிரிக்கும் அளவுக்கு வந்த பிறகு ஒரு பின்னுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்குப் புரியாத விஷயம். அளந்து பார்த்து, பின் எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்று உறுதியானால் மட்டும் இந்த வழி.

## வழி 2: புதிய பின், புதிய மிதக்கும் புஷ்

ராடின் கண் வட்டமாக இருந்து, எண்ணெய் வழி சுத்தமாக இருந்தால் இது கண்ணியமான வேலை. 18 குதிரைத்திறன் எஞ்சின், சுற்று ஆறாயிரத்தைத் தொடாது. இந்தச் சுமைக்கு மிதக்கும் புஷ் பலவீனமான பேரிங் அல்ல. "புஷ் நிற்காது" என்று சொல்பவர்களின் வண்டிகளில் பாதிக்கு மேல், நின்றுபோனது எண்ணெய்தான்.

இதன் பெரிய நன்மை, புஷ் போகும்போது சொல்லிவிட்டுப் போகும். குளிர்ந்த எஞ்சினில் சத்தம் இருக்காது. பத்து கிலோமீட்டர் ஓடி எண்ணெய் நீர்த்தபின், மேட்டில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அடியிலிருந்து ஒரு கனமான தட்டல் வரும். பிஸ்டன் சத்தம் இதற்கு நேர் எதிர்: குளிரில் கேட்கும், சூடானால் அடங்கும். ஃபெல்ட் ஃபில்டரைப் பிரித்து வெயிலில் காட்டினால் மினுமினுப்பாகத் துகள் தெரியும். அப்போதே நிறுத்திவிட்டால் ராடு பிழைக்கும்.

இன்னொரு நன்மை பலரும் யோசிக்காதது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், அதுவும் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று ஊரில், உள்ளே ஈரம் கட்டும். ரோலரின் பளபளப்பான பாதையில் ஒரு துருப்புள்ளி விழுந்தால் போதும், அந்த இடத்தில் குழி விழ ஆரம்பிக்கும். புஷ் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துப்போகும்.

மறைந்திருக்கும் செலவு கண்ணில் இருக்கிறது. ராடின் கண் ஓவலாக இருந்தால் அதைச் சீராக்க வேண்டும். சீராக்கினால் கண் பெரிதாகும், பெரிதானால் கடையில் கிடைக்கும் புஷ் பொருந்தாது, அளவெடுத்துக் கடைய வேண்டும். அந்தக் கூலியையும் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தால் ரோலர் செட் வாங்கியிருக்கலாம் என்றாகிவிடும். கடையில் கிடைக்கும் புஷ்ஷும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் புதுப்பேட்டையில் வாங்கினாலும் மைக்ரோமீட்டரும் கையுமாகப் போங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இன்னொன்று உங்கள் பழக்கம். காலையில் உதைத்துக் கிளப்பியதும் முறுக்குபவரா? அப்படியென்றால் புஷ் உங்களுக்கு வேண்டாம். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் எண்ணெய் பெரிய முனைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஐடிலில் விட்டுவிட்டு ஹெல்மெட் மாட்டுகிற பொறுமை வேண்டும்.

## வழி 3: ரோலர் ராடு செட்

ராடு, பின், ரோலர், ரோலர்களைப் பிடித்துவைக்கும் கூண்டு (கேஜ்) எல்லாம் ஒரே பெட்டியில் வரும். பழைய ராடின் கண் எப்படி இருந்தாலும் கவலையில்லை, அது குப்பைக்குத்தான் போகிறது. ரோலருக்கு அழுத்தமான எண்ணெய்ப் படலம் தேவையில்லை, நனைந்திருந்தாலே ஓடும். குளிர் ஸ்டார்ட்டில் புஷ் படும் பாட்டை இது படாது. தினமும் நாலைந்து முறை நிறுத்தி நிறுத்திக் கிளப்பும் வண்டிக்கு இதுவே சரி என்பது என் எண்ணம்.

ஆனால் "ரோலர் போட்டால் எண்ணெயைப் பற்றிக் கவலையே இல்லை" என்ற பேச்சை நம்பி நான் பட்டிருக்கிறேன். என் 350-க்கு ஒரு பட்டறையில் ரோலர் செட் போட்டேன். நாலாவது மாதம் அடியிலிருந்து ஒரு உறுமல். தட்டல்கூட இல்லை, மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி. டயர் சத்தம் என்று நினைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். பிரித்தபோது பின்னில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. காரணம், அந்தக் கார்க் சீல். பழையதையே திரும்பப் போட்டிருந்தார்கள், கையில் எடுத்ததும் பொடிந்தது. புஷ்ஷைக் கொன்றதும் அதுதான், ரோலரைக் கொன்றதும் அதுதான். வேலை நடக்கும்போது பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்ற எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ரோலர் போகும்போது அதிகம் சொல்லாது என்பதையும் அன்றுதான் கற்றேன். கூண்டு உடைந்தால் அந்தத் துண்டுகள் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மறைந்திருக்கும் மற்ற செலவுகள்:

முதலில் எடை. பழைய 350-கள் பலவற்றில் இருந்தது அலுமினியக் கலவை ராடு. செட்டில் வருவது ஸ்டீல் ராடு, கனம் கூடுதல். பிளைவீலின் எதிர்எடை பழைய ராடுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. இதைக் கவனிக்காமல் பூட்டினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கால்மிதியும் ஹேண்டிலும் கையை மரக்கவைக்கும். பிறகு "ரோலர் போட்டதால் வைப்ரேஷன்" என்று பேரிங்கைத் திட்டுவார்கள். பேலன்ஸ் பார்க்கத் தனிக் கூலி, அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்காது. கழற்றிய ராடைத் தராசில் வைத்துப் புதியதோடு ஒப்பிடுவதையாவது செய்யுங்கள்.

அடுத்து செட்டின் தரம். ரோலருக்குப் பின்னும் கண்ணும் கண்ணாடி மாதிரி கடினமாக இருக்க வேண்டும். மலிவான செட்டில் ஏமாற்றுவது இங்கேதான், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புஷ்ஷில் மட்டமானதை வாங்கினால் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். ரோலரில் மட்டமானதை வாங்கினால் எஞ்சினையே இழுத்துக்கொண்டு போகும். ரோலர் போடுவதென்றால் நல்லதைப் போடுங்கள், காசு இல்லையென்றால் நல்ல புஷ் போடுங்கள். மலிவான ரோலருக்கு நல்ல புஷ் எவ்வளவோ மேல்.

## வழி 4: முழுக் கிராங்க்காக வாங்கி மாற்றுவது

பிளைவீலில் பின் துளை தளர்ந்துவிட்டால் வேறு வழியில்லை. அந்தத் துளையை வெல்டு வைத்து, பஞ்ச் அடித்து இறுக்குவதை ஒரு ரிப்பேர் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஊரில் செட் செய்ய ஆள் இல்லாதவருக்கும் தயாராக நேராக்கிய கிராங்க் வசதிதான். ஆனால் "தயார்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், லாரியில் வந்த கிராங்க் லாரியில் விழுந்ததாகவும் இருக்கலாம். இன்னொரு பொறி: 500-க்கும் ஸ்ட்ரோக் இதே 90 மி.மீ. என்பதால், மலிவாகக் கிடைத்த 500 கிராங்க்கை 350-ல் வைக்கச் சிலருக்கு ஆசை வரும். அதன் எதிர்எடை 84 மி.மீ. பிஸ்டனுக்கானது.

## ஒரே பார்வையில்

| | புஷ் மட்டும் | பின் + மிதக்கும் புஷ் | ரோலர் செட் | முழுக் கிராங்க் |
|---|---|---|---|---|
| எண்ணெய் குறைந்தால் | உடனே போகும் | சீக்கிரம் போகும் | கொஞ்சம் தாங்கும் | உள்ளே இருக்கும் பேரிங்கைப் பொறுத்தது |
| ராடின் கண் ஓவல் என்றால் | ஆகாது | கடைசல் வேலை கூடும் | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை |
| பிளைவீல் துளை தளர்ந்திருந்தால் | ஆகாது | ஆகாது | ஆகாது | இதுதான் வழி |
| போவதற்கு முன் எச்சரிக்கை | தட்டல் | தட்டல் | உறுமல், சில நேரம் அதுவும் இல்லை | – |
| நீண்ட நாள் நிறுத்தம் | பரவாயில்லை | பரவாயில்லை | துருவுக்குப் பயம் | – |
| மறைந்த செலவு | மறுபடி பிரிக்கும் கூலி | கண், அளவுப் புஷ் | பேலன்ஸ், நல்ல செட்டின் விலை | நேராக இருக்கிறதா என்ற சோதனை |

## யாருக்கு எது

கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும் எடுக்கும் வண்டி, அசல் ராடு நல்ல நிலையில் இருக்கிறது, நீங்களும் நிதானமாக ஓட்டுபவர் என்றால் பின்னும் மிதக்கும் புஷ்ஷும். யோசிக்கவே வேண்டாம்.

தினசரி வண்டி, ஊருக்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டம், வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள் என்றால் நல்ல ரோலர் செட். அவரவர் கை எப்படி முறுக்கும் என்று நாம் கூடவே போய்ப் பார்க்க முடியாது.

நீண்ட தூரம் போகிறவர்கள்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறார்கள். லடாக் போகும் நண்பர் ரோலர் கேட்பார், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சூடான எஞ்சினில் மணிக்கணக்காக அறுபதில் போவது புஷ்ஷுக்கும் பிடித்தமான வேலைதான். இவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: கிராங்க்கை யார் செட் செய்யப்போகிறார்?

நல்ல கை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். எனக்குச் செய்துகொடுக்கும் லேத்காரருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கிராங்க்கை இரண்டு முனையிலும் தாங்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் டயல் கேஜை வைத்து, சுண்டு விரலால் சுற்றுவார். முள் எங்கே ஏறுகிறது என்று பார்த்து பிளைவீலின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு. கிராங்க்கைக் கையில் தூக்கி, செம்புச் சுத்தியலால் அந்தக் கோட்டில் ஒரே அடி. மறுபடி சுற்றுவார். முள் 0.05 மி.மீ.-க்குள் வரும்வரை விடுவதில்லை, பெரும்பாலும் அதில் பாதிக்குக் கொண்டுவந்துவிடுவார். ஒருமுறை, "புஷ்ஷா ரோலரா, எதுண்ணே நல்லது?" என்று கேட்டேன். கேஜிலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி, பின்னோட எண்ணெய் ஓட்டை வீலோட ஓட்டைக்கு நேரா நிக்குதான்னு பாத்தியா? மொதல்ல அதப் பாரு" என்றார்.

பார்த்தேன். பின்னைப் பூட்டும்போது கொஞ்சம் திரும்பினால்கூட பிளைவீலின் எண்ணெய்த் துளையும் பின்னின் துளையும் விலகிவிடும். பூட்டிய பிறகு கிராங்க் முனையில் எண்ணெய்க் கேனை வைத்து அழுத்தினால் பெரிய முனையில் கசிய வேண்டும். கசியவில்லையென்றால் அங்கேயே பிரியுங்கள். அதற்கு முன்னால் அந்தத் துளைகளில் வருடக்கணக்காக இறுகிய கசடைக் கம்பியும் காற்றும் விட்டு எடுத்திருக்க வேண்டும்.

## எதைப் போட்டாலும், முதல் கிக்குக்கு முன்

கார்க் சீல் புதியது. ஃபெல்ட் ஃபில்டர் புதியது. 20டபிள்யூ-50 எண்ணெய் இரண்டேகால் லிட்டர், அதில் கொஞ்சத்தை முதலில் ஃபில்டர் அறையிலேயே ஊற்றி நிரப்புங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டைமிங் கவரில் எண்ணெய் போகும் வழியில் இருக்கும் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி, பொறுமையாக உதையுங்கள். அங்கே எண்ணெய் கசிந்தால்தான் கிராங்க்கின் வாசல்வரை எண்ணெய் வருகிறது என்று அர்த்தம்.

பலரும் மேலே வால்வை இயக்கும் ராக்கர் பக்கத்து எண்ணெய்க் குழாய் இணைப்பைத் (யூனியன்) தளர்த்தி, எண்ணெய் வருகிறது என்று திருப்தியாகிவிடுகிறார்கள். ராக்கருக்கு எண்ணெய் அனுப்புவது பெரிய முனைக்குத் தள்ளும் பம்பு அல்ல, கேஸிலிருந்து திருப்பி இழுக்கும் இன்னொரு பம்பு. நின்ற வண்டியில் கேஸுக்குள் இறங்கித் தேங்கிய எண்ணெயை அது அள்ளி மேலே அனுப்பும், பெரிய முனைக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாதபோதும். என் ரோலர் செத்த வண்டியிலும் ராக்கரில் எண்ணெய் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

முதல் 500 கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டுங்கள். அது முடிந்ததும் எண்ணெயை மாற்றி, ஃபெல்ட்டை வெளியே எடுத்து வெயிலில் விரித்துப் பாருங்கள்.